சாமி சொல்லாத வார்த்தைகள்

செங்கம் ரோட்டில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. தங்கள் காகிதத்தை மட்டும் பார்க்கிறவர்கள் ஒரு வகை. மேஜை மேல் கிடக்கும் அடுத்தவர் காகிதத்தையும் படித்துவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. டீச்சர் இரண்டாவது வகை. ரேஷன் கார்டு ஒரு காப்பி எடுக்க வந்தவர், எடுத்ததும் போயிருக்கலாம். என் கம்ப்யூட்டர் திரையில் யாருடைய காரியப் பத்திரிகையோ பாதி அடித்தபடி இருந்தது. மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு அதைப் படிக்க ஆரம்பித்தார்.

"தம்பி, ‘அனைவரும் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும்’னு போட்டிருக்கீங்களே. இது பதினாறாம் நாள் காரியம். கட்சிக் கூட்டத்துக்குக் கூப்பிடற மாதிரி இருக்குது."

"பார்ட்டி எழுதிக் குடுத்தது டீச்சர். நான் அடிக்கிறதோட சரி."

"அவங்க துக்கத்துல எழுதியிருப்பாங்க. ‘அவரோடு பழகிய நீங்கள் அன்று எங்களோடு இருந்தால் ஆறுதலாக இருக்கும்’னு போடுங்க. ஒரு வரிதானே."

போட்டேன். செத்தவரின் மகன் சாயந்திரம் வந்து வாங்கிப் படித்துவிட்டு, கடை வாசலிலேயே நின்று அழுதார். மறுநாள் டீக்கடையில் அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். "எங்கப்பாவுக்கு நானே உக்காந்து எழுதினதுங்க." பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். டீச்சர் திருத்திக்கொடுத்த வார்த்தைக்கு அந்தக் குணம் உண்டு. கொஞ்ச நேரத்தில் அது யாருடைய வாயில் ஏறுகிறதோ அவர்களுடையதாகிவிடும். டீச்சரும் அதைத் திருப்பிக் கேட்டதில்லை.

அவரை எனக்கு முன்பே தெரியும். என் தங்கை கோமதிக்கு ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷ் எடுத்தவர். ரிட்டையர் ஆனபின் எங்கள் கடைக்குப் பின்தெருவில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் தனியாக இருந்தார். கணவர் சர்வேயராக இருந்து காலமானவர். மகள் ஓசூரில். அதற்கு மேல் அவரைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை. விசாரிக்கப் போனவர்கள் தங்கள் கதையைச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள்.

பேச்சு என்றால் என்ன பேச்சு. அவர் வீட்டு மாடியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குடியிருந்தாள். ஒருநாள் ஹவுஸ் ஓனர் மாடிப்படியில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இவகிட்ட சொல்லுங்க. ராவும் பகலும் மோட்டார் போட்டு தண்ணிய காலி பண்றா. குளிக்கிறாளா, எருமை கழுவறாளா? இருக்க இஷ்டமில்லன்னா மூட்டைய கட்டச் சொல்லுங்க."

டீச்சர் அந்தப் பெண்ணைப் பார்த்து மெல்லிய குரலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இந்த ஊரில் மலை இருக்கிறது, ஆறு இல்லை, உங்களைத் தன் மகள் மாதிரி நினைத்து இந்தக் கஷ்டத்தைச் சொல்கிறார் என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது. அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. சாயந்திரம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஓனர் வீட்டுக்குப் போய் கும்பிட்டாள். ஓனர் ஆடிப்போனார். "நாம திட்டினாலும் மரியாதை தெரிஞ்ச பொண்ணுங்க" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"அவரு சொன்னது ஒண்ணு, நீங்க சொன்னது ஒண்ணா இருக்குதே டீச்சர்" என்று கேட்டேன்.

"அவரு மனசுல அதான் தம்பி இருந்தது. வாய்க்கு வரல. அவ்வளவுதான்."

எல்லோருடைய மனசிலும் நல்லதுதான் இருக்கிறது, வாய்க்குத்தான் வருவதில்லை என்று அவர் முழுசாக நம்பினார். நான் கடை நடத்துகிறவன். அந்த நம்பிக்கை எனக்குக் கிடையாது. ஆனால் அவர் பக்கத்தில் இருக்கும்போது இருந்தது போலத் தோன்றும்.

கோமதிக்கு அவர் என்றால் உயிர். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கோமதிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் வகுப்பிலேயே வந்துவிட்டது. பிள்ளைகள் அலற, வாட்ச்மேன் சாவிக் கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். இங்கே யாருக்கு வலிப்பு வந்தாலும் கையில் இரும்பைத் திணித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். டீச்சர் சாவியை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் தன் கையைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். அடங்கும் நேரத்தில் அவள் பாவாடை நனைந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். உடனே பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தைக் காலால் உருட்டிவிட்டு, "யாருடி இத வழியில வெச்சது, புள்ள மேலெல்லாம் தண்ணி" என்று சத்தம் போட்டாராம். நாற்பது பிள்ளைகளும் அதைத்தான் நம்பினார்கள். கோமதிக்கு மட்டும் தெரியும். இருபது வருஷம் கழித்தும் அதைச் சொல்லும்போது அவள் முகம் மாறிவிடும்.

வலிப்பால் கோமதியின் கல்யாணம் தள்ளிப்போய், பிறகு நின்றே போனது. பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடித்துவிட்டு மெதுவாக அதைக் கேட்பார்கள். அம்மா இருந்தவரை மறைத்துப் பார்த்தாள். அம்மா போனபின் நான் மறைக்கவில்லை. காலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று. அதைப் போட்டுக்கொண்டதால் ஆறு வருஷமாக ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை வாயில் போடும்போதும் அவள் ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த நேரத்தில்தான் சாமி வந்தார்.

எங்கள் ஊருக்கு குருமார்கள் ஈசல் மாதிரி வருவார்கள். தீபம் முடிந்து குளிர் ஆரம்பிக்கும்போது வெளிநாட்டுக்காரர்களோடு வந்து இறங்குவார்கள், மாசியில் வெயில் ஏறினால் கிளம்பிவிடுவார்கள். சித்திரை வெயிலைத் தாங்கிய குருவை நான் பார்த்ததில்லை. இவரும் அப்படித்தான் போவார் என்று நினைத்தேன். வடக்கே எங்கேயோ சொந்த ஊர், நாற்பத்தைந்து வயது இருக்கும், இங்கிலீஷ் மட்டும்தான் பேசுவார். ஒரு கெஸ்ட் ஹவுஸின் மாடி ஹாலைப் பிடித்திருந்தார். மற்ற இடத்தில் முப்பது வருஷம் ஆவது இங்கே மூன்று நாளில் ஆகும் என்பது அவர் சரக்கு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஞானத்தோடு எழுந்து போகலாம்.

அவருக்கு உள்ளூர் ஜனங்களும் வேண்டும் என்று ஆசை வந்தது. தமிழில் ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்க ஆள் அனுப்பினார். "மூன்றே நாளில் முக்தி! உறுதி!" என்று எழுதி வந்தது. நான் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்துவிட்டார்.

"சோப்பு விளம்பரம் மாதிரி இருக்குது தம்பி. யாரோ பாவம் தமிழ் தெரியாம போட்டிருக்காங்க. இப்படியே ரோட்டுல வெச்சா சிரிப்பாங்க இல்ல?"

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க, விடுங்க டீச்சர்."

அவரால் விட முடியவில்லை. பேனாவை எடுத்து அடித்துவிட்டு, "மூன்று நாள் போதும், நீங்கள் தயாராக இருந்தால்" என்று எழுதினார். எழுதிவிட்டு, "இப்ப மரியாதையா இருக்குது" என்றார். எனக்கும் நன்றாகத்தான் பட்டது. அப்படியே அடித்தேன்.

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்குள் என்ன இருந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரியவில்லை. சாமிக்குத் தெரிந்தது. யாரோ அர்த்தம் சொல்லியிருக்க வேண்டும், அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். மூன்று நாள் உட்கார்ந்து ஒன்றும் ஆகவில்லை என்று வருகிறவர்களிடம், நீ இன்னும் தயாராகவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். அவர்களும் ஆமாம் என்று தலையாட்டி, அடுத்த வகுப்புக்குப் பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஏமாற்றியவன் மேல் வரவேண்டிய கோபம் தன் மேலேயே திரும்புகிற மாதிரி ஒரு வாக்கியம் அவருக்கு இனாமாகக் கிடைத்துவிட்டது.

அந்த வாக்கியத்தை எழுதியவர் யார் என்று விசாரித்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கே வந்தார். சனிக்கிழமை காலையில் தமிழ் ஜனங்களுக்கு ஒரு மணி நேரம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும் என்று கேட்டார். டீச்சர் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒத்துக்கொண்டார்.

நான் ஒரு சனிக்கிழமை போய்ப் பின்னால் நின்றேன். டைப் அடித்து அடித்து வந்த இங்கிலீஷ் எனக்குக் கொஞ்சம் உண்டு. மனசு என்பது ஒரு போன், அதில் ஆப் ஜாஸ்தியாகிவிட்டது, டெலிட் பண்ணு, டெலிட் பண்ணு என்றார் சாமி. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் பூ விற்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்களின் பெண்டாட்டிகள், அடி அண்ணாமலையிலிருந்து வந்த விவசாயிகள். டீச்சர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"போகி அன்னிக்கு வேண்டாததை எல்லாம் வெளியில எடுத்துப் போட்டதும் வீட்டுக்குள்ள நின்னு பார்ப்போமே, இவ்வளவு எடமா இருந்ததுன்னு. எடம் புதுசா வரல. எப்பவும் இருந்தது. நாமதான் அதுமேல சாமானை வெச்சிருந்தோம்."

முன் வரிசையில் ஒரு பூக்கார அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சாமி கண்ணைத் திறந்து பார்த்து, திருப்தியாகச் சிரித்தார். தான் சொன்ன ஒரு நிமிஷம் தமிழில் மூன்று நிமிஷம் ஆவது ஏன் என்று அவர் கேட்டதே இல்லை. தமிழ் நீளமான மொழி என்று நினைத்திருப்பார்.

கடைக்கு வந்த டீச்சரிடம் சண்டைக்கே போனேன்.

"அந்த ஆளு சொன்னது இன்னா, நீங்க சொன்னது இன்னா? ஒண்ணுமில்லாதவன நீங்க சாமியாக்கினு இருக்கீங்க."

"அப்படியே சொன்னா அந்த ஜனங்க எதுக்குத் தம்பி வேலையை விட்டுட்டு வந்து உக்காரணும்? ஏதோ தேடினு வராங்க. வெறுங்கையோட அனுப்ப மனசு வரல."

அந்தப் பதிலில் பொய் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

மாசி போய் சித்திரை வந்தது. சாமி ஊரை விட்டுப் போகவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் போனபின்னும் சனிக்கிழமை ஹால் நிறைந்தது, பிறகு எதற்குப் போக வேண்டும்? கோமதியும் போக ஆரம்பித்தாள். டீச்சர் பேச்சைக் கேட்கத்தான் போகிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு மூன்று நாள் வகுப்பிலும் உட்கார்ந்தாள். திரும்பி வந்தவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, சமையல் கட்டில் சத்தம் கேட்டு ஓடினேன். கோமதி கீழே விழுந்து துடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் இருந்த வெந்நீர் அவள் இடது கை முழுக்கக் கொட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, மாத்திரை போட்டீங்களா என்றுதான். போட்டாள் என்று நான் சத்தியம் பண்ணினேன். வீட்டுக்கு வந்து தேடியபோது அரிசி டிரம்முக்குள் மூன்று வாரத்து மாத்திரை பிரிக்காமல் இருந்தது.

"டீச்சர் சொன்னாங்கண்ணா" என்றாள். சாமி சொன்னார் என்று சொல்லவில்லை.

"இன்னா சொன்னாங்க?"

கட்டுப் போட்ட கையோடு படுத்துக்கொண்டு, மனப்பாடமாக ஒப்பித்தாள். "நோய் உன் உடம்பத் தேடி வந்தது, உன்னைத் தேடி வரல. உன் வீட்டுக்கே வராத விருந்தாளிக்கு ஏன் தினமும் எலை போடற?"

இலை என்று மாத்திரையைத்தான் அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியத்தை ஒருமுறை கேட்ட எனக்கே அது மண்டையை விட்டுப் போகவில்லை. தொடர்ந்தாற்போல் வலிப்பு வந்தால் எழுப்ப முடியாமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். எத்தனை தரம் சொன்னாலும் டாக்டர் பேச்சு அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை.

டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவரை அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அவர் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல கத்தியைக் கீழே வைத்தார்.

"சாமி ‘கதைய விடு’ன்னு மட்டும்தான் சொன்னாரு தம்பி. எலையும் விருந்தாளியும் நான் சொன்னது. சும்மா விடு விடுன்னா மொட்டையா இருக்கேன்னு சொன்னேன்."

வீட்டில் கட்டியிருந்த நைந்த புடவையோடு, கதவைக்கூடப் பூட்டாமல் என்னோடு நடந்தார். கோமதியின் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோமதி, அது அவரு சொன்னதில்லம்மா. நான் அழகுக்குச் சொன்னது. எனக்கு வைத்தியமும் தெரியாது, ஞானமும் தெரியாது. நீ மாத்திரையப் போட்டுக்க."

கோமதி சிரித்தாள். குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி சிரித்தாள். "உங்க வாயில வந்து அவரு பேசினாரு டீச்சர். உங்களுக்கே தெரியல. இப்ப பயத்துல பேசறீங்க, இதான் உங்க பேச்சு."

அவ்வளவு பேருக்கு வார்த்தை கொடுத்தவருக்கு அன்று ஒன்றும் வரவில்லை. உண்மையை அழகாகச் சொன்னால் சாமி பேசியதாகும், சாதாரணமாகச் சொன்னால் பயத்தில் பேசியதாகும். எந்தப் பக்கமும் வழியில்லை.

மறுநாள் அவரே மாடி ஹாலுக்குப் போய் சாமியிடம் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு வார்த்தை, மாத்திரையைப் போட்டுக்கொள் என்று நீங்கள் அவளிடம் சொன்னால் போதும் என்று. அவர் ஜூஸ் குடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, அந்தப் பெண் இன்னும் தயாராகவில்லை என்றாராம்.

"நான் எழுதிக் குடுத்தத எனக்கே திருப்பிச் சொல்றான் தம்பி" என்றார் டீச்சர். அவர் ஒருவரை அவன் இவன் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

சனிக்கிழமை வந்தது. கோமதி கட்டுக் கையோடு முன் வரிசையில் உட்கார்ந்தாள். இதற்குள் இன்னொரு தடவை சின்னதாக வலிப்பு வந்து போயிருந்தது. நான் பின்னால் நின்றேன். சாமி அன்று இடது மூக்கில் மூச்சை இழு, வலது மூக்கில் விடு என்று ஆரம்பித்து, அடுத்த மாதம் புதிதாக ஒரு வகுப்பு இருக்கிறது என்று முடித்தார். டீச்சர் ஸ்டூலை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கோமதியை மட்டும் பார்த்துச் சொன்னார்.

"காலையில மாத்திரை முழுங்க ஒரு வாய் தண்ணி குடிக்கிறீங்களே, அந்தத் தண்ணியில நான் இருக்கேன். வைத்தியர் கையால குடுக்கிறதும் என் கைதான். அதைத் தள்ளினவங்க என்னைத் தேடி இங்க வர வேண்டாம். வெளியில தேடினா கிடைக்க மாட்டேன்."

சாமி வழக்கம்போலக் கண்ணைத் திறந்து சிரித்தார். டீச்சரின் கழுத்தில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது எனக்கு அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கோமதி மாத்திரையைப் பிரித்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, போட்டுக்கொண்டாள். நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். அன்று அந்த ஹாலில் நடந்ததைப் போல ஒரு புளுகு உலகத்தில் இல்லை, அதைவிட நல்ல காரியமும் எனக்கு யாரும் செய்ததில்லை.

ஆனால் அது அதோடு முடியவில்லை. மருந்தை விடச் சொல்லாத சாமி என்று ஊருக்குள் பேர் பரவியது. அதுவரை சந்தேகப்பட்டு ஒதுங்கியிருந்த குடும்பங்கள், ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள், படித்தவர்கள் எல்லோரும் வர ஆரம்பித்தார்கள். மெடிக்கல் ஷாப்காரரே ஆள் அனுப்பினார். ஹால் போதாமல் மொட்டை மாடியில் ஷாமியானா போட்டார்கள். அந்த நோட்டீஸையும் நான்தான் அடித்தேன். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாமி நல்லபடியாக இருந்தால்தான் என் தங்கை மாத்திரை போடுவாள் என்ற நிலைமையில் நான் இருந்தேன்.

டீச்சரும் மாட்டிக்கொண்டார். ஓசூரிலிருந்து மகள் வந்து வந்து கூப்பிட்டாள். "இன்னும் கொஞ்ச நாள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை முடிந்ததும் கடைக்கு வந்து, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்.

"இன்னிக்கு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல தம்பி."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"அதான் பயமா இருக்குது. கோமதிக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு போறேன். மீதி நூறு பேரும் கேட்டுனு போறாங்களே. அவங்கவங்க அத எங்க கொண்டு போய் வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியல."

ஒருமுறை அவர் அப்படி உட்கார்ந்திருந்தபோது அடி அண்ணாமலையிலிருந்து ஒரு அம்மா தேடிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் சனிக்கிழமைதோறும் வருகிறவர். ரெண்டு மாதமாகக் கழனிப் பக்கமே போகவில்லையாம். மணிலாக்கொட்டை, வேர்க்கடலைதான், பறிக்க ஆளில்லாமல் செடியிலேயே முளைத்துக் கிடக்கிறதாம். கேட்டால், ‘விதைச்சவனும் நானில்ல, அறுக்கறவனும் நானில்ல’ என்கிறாராம். அது எந்தச் சனிக்கிழமை சொன்னது என்று டீச்சருக்கு ஞாபகம் வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. அந்த அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

அவள் கையை உருவிக்கொண்டாள். "நீ பேசாத தாயி. நீ பேசினா நல்லாத்தான் இருக்கும்."

அதன்பிறகு டீச்சரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கடையில் அடுத்தவர் காகிதத்தைப் படிப்பதை விட்டுவிட்டார். கண் போனாலும் இழுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்காருவார். ‘விழாவைச் சிறப்பிக்க வேண்டும்’ என்று எவ்வளவு மட்டமாக எழுதி வந்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒருநாள் நானே வேண்டுமென்று ஒரு கல்யாணப் பத்திரிகையைக் காட்டி, இது சரியா டீச்சர் என்று கேட்டேன். "இருக்கட்டும் தம்பி, புரியுது இல்ல" என்றார்.

போன மழைக்காலத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. மகள் வந்து கையோடு ஓசூருக்கு அழைத்துப் போய்விட்டாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னது ஒன்றுதான். "எட்டு மணிக்கு போன் பண்றேன். அவள பக்கத்துல இருக்கச் சொல்லுங்க."

அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு போன் வரும். கோமதி ஸ்பீக்கரில் போட்டு, உள்ளங்கையில் மாத்திரையோடு உட்காருவாள். சாமி உன்னிடம் சொல்லச் சொன்னார் என்று டீச்சர் ஆரம்பிப்பார். ஒவ்வொரு நாளும் வேறு வேறு வாக்கியம். படுத்த படுக்கையாக, வலியில், ஒவ்வொரு ராத்திரியும் யோசித்து வைத்திருப்பாரோ என்னவோ. அந்தச் சாமியை நான் ஒருநாளும் நம்பியதில்லை. இருந்தும் பல் விளக்கிக்கொண்டே அந்த வாக்கியத்துக்காக நானும் நின்று கேட்பேன். காலையில் வாங்கிக்கொண்ட வார்த்தையின் பலத்திலேயே ராத்திரி மாத்திரையையும் போட்டுக்கொள்வாள். சனிக்கிழமை ஹாலுக்கு அவள் போவது நின்றுவிட்டது. இப்போது தமிழில் சொல்கிற ஆள் உள்ளதை உள்ளபடி சொல்கிறாராம். "டீச்சர் போனதுல இருந்து சாமிக்கு சரியா பேச வரலண்ணா" என்றாள்.

முந்தாநாள் விடியற்காலையில் டீச்சரின் மகள் எனக்கு போன் பண்ணினாள். தூக்கத்திலேயே போய்விட்டார். நான் ஓசூருக்குப் போய், தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, கோமதியிடம் பேப்பர் லோடு எடுக்கப் போனதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் நாள், டீச்சருக்கு போன் ரிப்பேர் என்றேன். இரண்டாவது நாள் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அந்த இரண்டு நாளும் அவள் மாத்திரை போட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. டிரம்மைப் பார்த்தேன், பீரோவைப் பார்த்தேன், குப்பையைக் கிளறினேன். இன்று காலை எட்டு மணிக்கு அவள் வழக்கம்போல போனை எதிரில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் மாத்திரையோடு உட்கார்ந்தாள். நேற்று முழுக்கக் கடையில் உட்கார்ந்து ஒரு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். அவள் முன்னால் நின்றதும் அது போன இடம் தெரியவில்லை.

"கோமதி, போட்டுக்கமா. போடலன்னா செத்துடுவ."

எனக்கு வந்தது அவ்வளவுதான். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. மாத்திரையை டம்ளர் மூடியின் மேல் வைத்தாள்.

"டீச்சர் கூப்பிடட்டும்ணா, போட்டுக்கறேன். மூணு நாளாச்சு, அவங்களுக்கு உடம்புக்கு இன்னாவோ. நீ கொஞ்சம் ஓசூருக்கு போன் போட்டு விசாரியேன்."

விசாரிக்கிறேன் என்றேன்.